நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர், இருபத்தேழு நிமிஷம்

இப்போதெல்லாம் போனில் இரண்டு விமான நிலையத்தின் பெயரைத் தட்டினால் போதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிஷம் என்று காட்டிவிடுகிறது. விமான நிலையத்தில் வேலை பார்த்த எடைக்காரரும் போன வாரம் தட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர், பறக்கும் நேரம் இருபத்தேழு நிமிஷம் என்று வந்தது. அதற்குக் கீழே, இந்தத் தடத்தில் தற்போது விமானம் இல்லை என்று ஒரு வரி.

"அடப் போப்பா, இதை நீ வேற சொல்லணுமா?" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் போனுக்கு என்ன தெரியும்? எதிர்க்காற்று அடித்தால் முப்பத்தொரு நிமிஷம், பின்காற்று தள்ளினால் இருபத்துநாலு. வாசலில் நின்று காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்று பார்த்தே இதைச் சொன்ன மனுஷர் அவர். இருபத்திரண்டு வருஷம் அந்த இருபத்தேழு நிமிஷத்தை வைத்துத்தான் சாப்பிட்டார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார், ஊரெல்லாம் பெருமை அடித்தார். கடைசியில் அதனிடமே மூக்கும் உடைபட்டார்.

விமான நிலையம் என்றதும் கண்ணாடிச் சுவரையும் நகரும் படிக்கட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கூடம். இரண்டு நீள பெஞ்சு, ஒரு கவுன்ட்டர், கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ரேடியோப் பெட்டி. வெளியே ஓடுதளம், ஓடுதளம் முடிகிற இடத்தில் கடல். ஒன்பது பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை குடாவைத் தாண்டி எதிர்க்கரை ஊருக்குப் போய்வரும். அதே எதிர்க்கரைக்குத் தரைவழியாகப் போனால் குடாவைச் சுற்றிக்கொண்டு மூன்று பஸ், நடுவில் ஒரு படகு, பதினோரு மணி நேரம். அதனால் ஆசிரியர்கள், நோயாளிகள், வழக்குக்குப் போகிற நீதிபதி, வாரம் ஒரு தரம் தன் கருவிப்பெட்டியோடு போகிற பல் டாக்டர், தபால் மூட்டை, ஐஸ் பெட்டியில் மருந்து, காலைச் செய்தித்தாள் கட்டு எல்லாம் இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூடத்தைத் தாண்டுவது என்றால் தராசில் ஏறுவது. குட்டி விமானம் பாருங்கள், பத்துக் கிலோ கூடினாலே அதற்கு மூச்சு வாங்கும். ஆகவே பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். இரும்பு மேடை, அதன் தலையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட முகம், அதில் ஒரு கறுப்பு முள். அந்த முள்ளைப் பார்ப்பதுதான் எடைக்காரரின் உத்தியோகம். சம்பள ரசீதில் அவருக்கு வேறு ஏதோ பதவிப் பெயர் இருந்தது. அதை அவரே மறந்துவிட்டார்.

பார்த்தால் மட்டும் போதாது, சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எழுதுகிறவர் ரேடியோக்காரர். அவர் இரண்டு காதிலும் கருவியை மாட்டிக்கொண்டு எதிர்க்கரையோடு பேசிக்கொண்டே இருப்பார். காதோரம் இடிவிழுகிற மாதிரிக் கத்தினால்தான் ஒரு எண் உள்ளே போகும். எடைக்காரரும் கத்துவார். வெறும் எண்ணைக் கத்தினால் சாரமில்லை என்று கூடவே ஒரு கிண்டலையும் சேர்த்துக் கத்துவார். "எண்பத்திரண்டு. மாப்பிள்ளை மாமியார் வீட்டுலேருந்து வர்றார்." "நாற்பத்தாறு. டீச்சர், பிள்ளைங்க உங்களைப் பாத்துப் பயப்படுறாங்களா இல்லையா?" கனமானவர்களுக்கு முன் சீட்டு, லேசானவர்களுக்குப் பின் சீட்டு. ஒரு தடவை நீதிபதியையே, "ஐயா, சட்டப் புஸ்தகம் ஆறு கிலோ அதிகம். எந்தச் சட்டத்தை விட்டுட்டுப் போறீங்கன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிடுங்க" என்று நிறுத்திவிட்டார். நீதிபதி சிரித்துக்கொண்டே இரண்டு புஸ்தகத்தை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனார்.

கிண்டலெல்லாம் வாயோடுதான். எண்ணில் அரைக் கிலோ கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். விமானம் ஓட்டியது ஒரு பெண்மணி, எல்லோரும் கேப்டனம்மா என்பார்கள். சிரிப்பே வராத முகம். எடைத்தாளில் எடைக்காரர் கையெழுத்து இருந்தால் கூட்டிப் பார்க்காமலே தன் கையெழுத்தைப் போடுவார். அது ஒன்று போதும் என்று எடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

இன்னொரு பெருமையும் உண்டு. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார். தராசு அதற்கப்புறம் வந்து ஆமாம் போடும். கடைத்தெருவில் நடந்தால், "அண்ணே, நான் எவ்வளவு?" என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தப்பியதில்லை. ஊரில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது அவரவர் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, இந்த விஷயத்தில் அவர் கண் கண்தான்.

வேலைக்குச் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆனபோது மகளுக்கு எதிர்க்கரையில் ஒரு வரன் வந்தது. பையன் மருந்துக்கடை வைத்திருந்தான், நல்ல குணம். மகளுக்கும் பிடித்துவிட்டது. மனைவிதான் பிடி கொடுக்கவில்லை.

"ஒத்தைப் பொண்ணு. தண்ணி தாண்டிக் கொண்டுபோய்க் குடுக்கணுமா?"

"என்னடி தண்ணி? இருபத்தேழு நிமிஷம். நீ கடைத்தெருவுக்குப் போய்க் காய் வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? முக்கா மணி. அதுக்குள்ள உன் பொண்ணு வீட்டு வாசல்ல நிக்கலாம்."

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"நான் எங்க வேலை பாக்கிறேன்? ஏறிக்கோன்னா ஏறிக்கோ. நினைச்ச நிமிஷம் போகலாம்."

இப்படிப் பேசிப் பேசியே அவளைக் கரைத்தார். கல்யாணம் முடிந்தது. பெண்ணைப் புது வீட்டில் விட்டுவர எல்லோரும் விமானத்தில் போவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர், மகள், மனைவி. எடைக்காரர் வேலை நாளாயிற்றே, தராசுப் பக்கம் நின்றார். ஒவ்வொருவராக ஏறினார்கள். சம்பந்தி ஏறினார், சம்பந்தியம்மா ஏறினார். அதற்கப்புறம் மனைவி ஏறினாள். வாழ்க்கையில் முதல் விமானப் பயணம், புது உடுப்பு, முகத்தில் கொஞ்சம் பயம், கொஞ்சம் சந்தோஷம்.

அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருந்ததா? அது எங்கே இருக்கும். பழக்கம் அப்படி. கூடம் அதிரக் கத்தினார்: "எழுபது. எங்க வீட்டுச் சாப்பாடு எங்க போகுதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. முன் சீட்டு."

கூடமே சிரித்தது. சம்பந்தி, "அப்ப உங்களுக்கு மிச்சமே இருக்காது போலிருக்கே" என்று எடுத்துக்கொடுத்தார். மறுபடி சிரிப்பு. மனைவியும் சிரித்த மாதிரிதான் இருந்தது. தராசிலிருந்து இறங்கும்போது மகள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தாள். பையை உள்ளே வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு, "இனிமே நான் அந்தத் தராசுல ஏற மாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பால் வாங்கிவிட்டு வாருங்கள் என்கிற மாதிரிச் சொன்னாள். எடைக்காரர் சிரித்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

ஒன்பது வருஷம் ஆயிற்று.

பஸ்ஸில் போகலாம் என்றால் பதினோரு மணி நேரம் மடக்கி உட்கார அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. தவிர அந்த யோசனையை இவரே கிள்ளி எறிந்துவிடுவார். "இருபத்தேழு நிமிஷத்துல போற இடத்துக்கு எவனாவது பதினோரு மணி நேரம் போவானா? ஊர் சிரிக்காது?" அவரும் பெரிதாகப் போய்வந்து கிழித்துவிடவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்குப் போக நேரமே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை போயிருப்பார், மூன்று தடவையும் காலை விமானத்தில் போய் மதிய விமானத்தில் திரும்பிவிட்டார். மகள்தான் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். அந்த நாலு நாளும் வீட்டில் ரேடியோ வைத்த மாதிரிச் சத்தமாக இருக்கும். அவள் கிளம்பின மறுநாள் இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டி கசிவதைப் பற்றிப் பேசுவார்கள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், மனைவி தராசில் ஏற மாட்டேன் என்றதையும் ஒரு கதையாக்கிக் கவுன்ட்டரில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எங்க வீட்டம்மா என் தராசோட டூ விட்டுட்டாங்க" என்பார். அது அவள் காதுக்கும் போயிருக்கும். போகாமல் இருக்குமா, சின்ன ஊர்.

இருபத்திரண்டாவது வருஷம் இரண்டு சேதி ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, மகள் உண்டாகியிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. அதை ஐந்து மாதம் வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து அப்புறம்தான் சொன்னாள். டாக்டர் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று சொல்லியிருந்தார். இரண்டாவது சேதி, விமானம் நிற்கப் போகிறது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லையாம், விமானத்துக்கும் வயதாகிவிட்டதாம். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி விமானம்தான் கடைசி.

மகள் போனில், "அம்மா, நீ வந்துடும்மா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எடைக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மனைவி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வர்றேன்டா, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். வைத்ததும் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்புறம் என்ன, ஏறிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அந்த ஒன்பது வருஷத்து வைராக்கியம் லேசில் இறங்குமா? இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். ஒரு நாள் கால்வலி, ஒரு நாள் குழந்தைத் துணி தைத்து முடியவில்லை. தராசு என்கிற வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. இதற்குள், விமானம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் திடீரென்று அதன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருபது வருஷமாக வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவனெல்லாம் கடைசியாக ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று டிக்கெட் வாங்கினான். மூன்றாவது மாதம் பாதி ஆவதற்குள் எல்லா விமானமும் நிரம்பிவிட்டது. எடைக்காரருக்குப் பகீரென்றது. ஓடிப்போய்ச் சிபாரிசு பிடித்து, கடைசி விமானத்தில் ஊழியர் குடும்பத்துக்கு உண்டான ஒரு சீட்டைத்தான் வாங்க முடிந்தது. அந்தச் சீட்டில் ஒரு வில்லங்கம். மற்ற எட்டுப் பேரும், தபாலும், மருந்தும் ஏறின பிறகு எடை மிச்சம் இருந்தால்தான் ஊழியர் குடும்பம் ஏறலாம். இல்லையென்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வர்றேன். ஆனா நீங்க பாக்கக் கூடாது."

"எதை?"

"முள்ளை. திரும்பி நின்னுக்கணும். நானே பாத்து நானே எழுதுவேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்க்காத எண் ஒன்றுகூட எடைத்தாளில் ஏறியதில்லை. ஆனாலும் "சரி" என்றார்.

சனிக்கிழமை கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பயணம் போகிற எட்டுப் பேரை வழியனுப்ப எண்பது பேர். பல் டாக்டர் வந்திருந்தார், நீதிபதி ஓய்வு பெற்ற பிறகும் வந்திருந்தார். யாரோ தராசுக்குப் பூமாலை போட்டுவிட்டார்கள். எடைக்காரர், "மாலை இருநூறு கிராம், எடுங்க" என்று கழற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாளிலிருந்தே மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார்.

எட்டுப் பேரையும் எடை போட்டார், பெட்டிகளையும் எடை போட்டார். தபால் மூட்டை, மருந்துப் பெட்டி. ரேடியோக்காரர் எழுதிக் கூட்டினார். அன்றைக்கு விமானம் தூக்கக்கூடியது எண்ணூற்று இருபது கிலோ. எழுநூற்று ஐம்பத்தாறு ஏறிவிட்டது.

மிச்சம் அறுபத்துநாலு.

எடைக்காரர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மனைவி எழுபது. குழந்தைத் துணிப் பை ஒரு ஆறு. எழுபத்தாறு. பையை விட்டுவிட்டுப் போனாலும் ஆறு கிலோ இடிக்கிறது. யாரை இறக்குவது? டிக்கெட் வாங்கினவரையா? மருந்தையா? மகளோ பயமாயிருக்கிறது என்று அங்கே படுத்துக்கிடக்கிறாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பையோடு சேர்த்தாலும் பன்னிரண்டு கிலோதானே. ஐம்பத்தெட்டு என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? கேப்டனம்மா கூட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

மனைவி முன்னால் வந்து நின்றாள். அவர் எடைத்தாளையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்து, காதோரம் மெதுவாகச் சொன்னார்: "மொத்தமே அறுபத்துநாலுதான் இருக்கு. பையோட சேத்து. பாத்து எழுது."

சொல்லிவிட்டுத் திரும்பி நின்றார். பாத்து எழுது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பினார். இரும்பு மேடை லேசாகக் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் தாள் அவர் தோளுக்கு மேலாக வந்தது.

நாற்பத்தொன்பது. பை ஆறு.

பார்த்ததும் முதலில் ஒரு நிம்மதி வந்தது, மறுநிமிஷமே பயம் வந்தது. அடிப்பாவி, குறைத்து எழுது என்றால் இப்படியா? இருபத்தொரு கிலோவையா முழுங்குவது? பன்னிரண்டு கிலோவுக்கே அவர் மனசு அடித்துக்கொண்டது. இருபத்தொன்று பொய் சொல்லி பத்து உயிரைக் கடலுக்கு மேலே அனுப்பினால் என்ன ஆகும்? கேப்டனம்மா தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். எடைக்காரர் தாளைக் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் கேப்டனம்மா" என்றார். மனைவி பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது முடியாது. இவ்வளவு பொய்யை என்னால அனுப்ப முடியாது" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். "பொய்யா?"

"எழுபது எங்க, நாற்பத்தொன்பது எங்க?"

"பாக்க மாட்டேன்னு சொன்னீங்க." அவள் கோபப்படவில்லை. மறுபடி மேடையில் ஏறினாள். "சரி, பாத்துக்கோங்க."

பார்த்தார். முள் அசைந்து அசைந்து நின்றது. நாற்பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. தராசின் அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கன்னம் உள்ளே போயிருந்தது. மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ராத்திரி ராத்திரி தையல் மெஷினில் உட்கார்ந்து தன் உடுப்பையெல்லாம் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், கிழிசல் தைக்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டார். அவள் பரிமாறிவிட்டு, "அப்புறம் சாப்பிடறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்ததா வரவில்லையா என்று ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. ஊரையே எடை போட்ட மனுஷன். கடைக்காரன் அரைக் கிலோ இளைத்தால் கண்டுபிடிக்கிற ஆள். சொந்த வீட்டில் இருபத்தொரு கிலோ காணாமல் போயிருக்கிறது, இவர் எழுபது என்று மனசில் எழுதிவைத்த எண்ணை ஒன்பது வருஷமாகத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. டாக்டர்கிட்டப் போய்ப் பாத்தாச்சு. சாப்பிடப் பிடிக்கலை, அவ்வளவுதான். தனியா உக்காந்து யாரு சாப்பிடுவா?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க சத்தமாச் சொல்லிடுவீங்க" என்றாள் அவள்.

கேப்டனம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எடைக்காரர் எடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரேடியோக்காரர் அங்கிருந்து, "எவ்வளவு அண்ணே?" என்று கத்தினார். இவர் பதில் சொல்லாமல் கவுன்ட்டருக்கு நடந்து போய், அவர் காதுக் கருவியை ஒரு பக்கம் விலக்கி, காதுக்குள் சொல்லிவிட்டு வந்தார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பையை அவரே விமானம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். படியில் ஏறும்போது அவள் முழங்கை அவர் கையில் இருந்தது. பென்சில் மாதிரி இருந்தது.

விமானம் ஓடுதளத்தின் கோடி வரை போய்த் திரும்பி, ஓடி, கடலுக்கு மேலே ஏறியது. எண்பது பேரும் கை தட்டினார்கள். இவருக்குத் தட்ட வரவில்லை. கூட்டம் கலைந்தது. நீதிபதி வந்து கையைக் குலுக்கி ஏதோ சொன்னார், என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் தடவை அனுப்பியிருப்பார், ஒரு தடவையாவது இறங்கிவிட்டதா என்று காத்துக் கிடந்திருப்பாரா? அனுப்பியதோடு சரி, அடுத்த வேலை. இருபத்தேழு நிமிஷம் என்பது எவ்வளவு பெரிய நேரம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முப்பதாவது நிமிஷம் ரேடியோக்காரர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, "இறங்கிட்டாங்கண்ணே" என்றார். பெட்டியை அணைத்தபோது கூடத்தில் கடல் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் அது கேட்டதே இல்லை.

ஆறு மணிக்கு மகள் பேசினாள்.

"அம்மா வந்துட்டாங்கப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "ஏம்ப்பா, அம்மா இப்படி ஆயிட்டாங்களே. போன தடவை நான் வந்து எட்டு மாசம்தானே ஆகுது. அப்பவே இளைச்சிருந்தாங்க, வேலை அதிகம்னு சொன்னாங்க. நீங்க கூடவே இருக்கீங்க, பாக்கலையாப்பா?"

யார் எடையைக் கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருந்தவர். "பாக்கலைம்மா" என்றார்.

அந்த ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். படகுத்துறையில் மோட்டார் கெட்டுப்போய் இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர், "விமானம் இருந்த வரைக்கும் உங்களை மாதிரி ஆளுங்களை இந்தப் பக்கமே பாத்ததில்லையே" என்று குத்தலாகச் சொன்னார். குடாவை ஒட்டி ஒட்டிப் பாதை போனது, வளைந்து வளைந்து போனது, தீரவே தீராது போலிருந்தது. நூற்று முப்பத்தோரு கிலோமீட்டர் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது நானூற்றுச் சொச்சமாக நீண்டு கிடந்தது. மூன்றாவது பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

மகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது இரவு ஏழு. மனைவிதான் திறந்தாள். ஒரு கையில் கரண்டி. இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"எப்படி வந்தீங்க? விமானம்தான் நின்னு போச்சே."

"பஸ்ல."

"பதினோரு மணி நேரமா?"

"பதிமூணு. படகுக்குக் காத்திருந்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையெல்லாம் புழுதி. வாயைத் திறந்து வழக்கமான கேள்வியைக் கேட்கப் போனாள். முப்பத்துமூன்று வருஷமாக அவர் வாசலில் கால் வைத்தவுடன் அவள் கேட்கிற கேள்வி. இந்தத் தடவை அவர் முந்திக்கொண்டார், அதுவும் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நீ சாப்பிட்டியா?"

கரண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லை" என்றாள்.

அவர் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போய், தட்டு எங்கே இருக்கிறது என்று தேடி இரண்டு எடுத்தார்.